சுவிஸ் தேசியப் பூங்காவில் இரண்டு நாள்: மான் பார்க்க வேணும், காட்டுக்கு இடைஞ்சலும் குடுக்கக்கூடாது

பனித்துளி எழுதியது:

வணக்கம் உறவுகளே. செப்டெம்பர் கடைசி வாரத்தில் கிழக்குச் சுவிஸின் எங்கடீன் பள்ளத்தாக்கில் உள்ள சுவிஸ் தேசியப் பூங்காவுக்குப் போக இருக்கிறோம். பெரியாக்கள் இரண்டு பேர், 9 வயதிலும் 12 வயதிலும் இரண்டு பிள்ளைகள், ஒரு சின்ன நாய். கார் இல்லை, சூரிச்சில் இருந்து றெயின். தங்க இடம் இன்னும் பதியவில்லை, கூடாரம் கைவசம் இருக்கிறது.

யோசித்து வைத்திருப்பது இதுதான். முதல் நாள் வால் ட்ரூப்சூன் பள்ளத்தாக்கில், இணைசேரும் காலத்து ஆண்மான் கத்துகிறதைக் கேட்பது. இரண்டாம் நாள் செர்னெட்ஸில் இருந்து க்ளுவோட்சா குடிலுக்கு ஏறி, அங்கிருந்து முர்ட்டேர் முகட்டைக் கடந்து ஓஃபன் கணவாய் றோட்டுக்கு இறங்கி பஸ் பிடிப்பது.

இது சரிவருமா? பாதையை விட்டு இறங்கவே கூடாது என்கிறார்கள். அப்படியானால் மிருகங்களைக் கிட்டப் பார்ப்பது எப்படி? ஐந்து மீற்றர் தள்ளிப் போனால் உண்மையில் என்ன கெட்டுவிடும்? பிள்ளைகள் கேட்டால் சொல்லக்கூடிய காரணம் வேணும். வழியில் கழிவறை இல்லையென்றால் என்ன செய்வது? என்னென்ன கொண்டுபோக வேணும் என்றும் சொல்லுங்கோ.

அடிவாரம் எழுதியது:

வணக்கம். திட்டத்தில் மூன்றை மாற்றவேண்டும்: நாய், கூடாரம், இரண்டாம் நாள் வழி.

நாயை வாரில் கட்டிக்கொண்டு போனாலும் பூங்காவுக்குள் விடமாட்டார்கள். இதில் விதிவிலக்கு எதிர்பார்க்க வேண்டாம். மானுக்கும் மலையாட்டுக்கும் நாயின் மணமும் ஓநாயின் மணமும் ஒன்றுதான். நாய் குரைக்காமல் நடந்தாலும் அது போன வழியில் மணம் நிற்கும். அந்த இரண்டு நாளும் நாயை யாரிடமாவது விட்டுவிட்டு வாருங்கள். நாயோடுதான் நடக்கவேண்டும் என்றால் எங்கடீனில் பூங்காவுக்கு வெளியே வேண்டியளவு பாதைகள் உண்டு.

கூடாரமும் உள்ளே அடிக்க முடியாது. கணவாய் றோட்டில் உள்ள தரிப்பிடங்களில் காருக்குள் படுப்பதற்கும் தடைதான். பூங்கா எல்லைக்குள் இரவு தங்கக்கூடிய இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று 1882 மீற்றர் உயரத்தில் உள்ள சமான்னா க்ளுவோட்சா என்ற மரக்குடில், மற்றது றோட்டோரம் இருக்கும் இல் ஃபுவோர்ன் ஹொட்டேல். இரண்டையும் முன்கூட்டியே பதியவேண்டும். மான் கத்தும் கிழமைகளில் கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது அரிது. செர்னெட்ஸ் ஊரில் முகாம் திடல் இருக்கிறது. ஆனால் 1474 மீற்றர் உயரத்தில் செப்டெம்பர் கடைசி இரவென்றால் கூடாரத் துணியில் காலையில் உறைபனி நிற்கும். 0 பாகைக்குக் கீழே தாங்கும் உறக்கப்பை பிள்ளைகளுக்கு இல்லையென்றால் அறை எடுப்பதே நல்லது.

இரண்டாம் நாள் வழி, 9 வயதுப் பிள்ளைக்கு ஒரே நாளில் ஆகாது. கணக்கைப் பாருங்கள். மலைநடைக்கு வழக்கமான கணக்கு ஒன்று உண்டு. மணித்தியாலத்துக்கு 300 மீற்றர் ஏற்றம், 500 மீற்றர் இறக்கம், சமதளமாக 4 கி.மீ. என்று வைக்கவேண்டும். ஏற்ற இறக்கத்துக்கான நேரத்தைத் தனியாகவும் தூரத்துக்கான நேரத்தைத் தனியாகவும் எடுத்து, பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்டினால் நடை நேரம் வரும். இளைப்பாறும் நேரம் இதில் சேராது. க்ளுவோட்சாவில் இருந்து 2545 மீற்றர் முர்ட்டேருக்கு 663 மீற்றர் ஏற்றம். ஏற்றத்துக்கு மட்டுமே 2 மணித்தியாலத்துக்கு மேல். அதற்குப் பிறகு 800 மீற்றருக்கு மேல் இறக்கம். இதற்கு முன்னால் செர்னெட்ஸில் இருந்து குடிலுக்கு வரவே 3 மணித்தியாலம் போயிருக்கும். அந்தப் பாதையும் ஒரு தோளைத் தாண்டித்தான் குடிலுக்கு இறங்குகிறது, ஆகவே ஏறிய உயரத்தில் கொஞ்சத்தை இழந்து திரும்ப ஏறவேண்டும். எல்லாம் சேர்த்தால் 8 மணித்தியாலத்துக்குக் குறையாது. பிள்ளைகளின் நடைக்கு 10 என்று வையுங்கள். மாலை 7 மணியை ஒட்டி இருட்டத் தொடங்கிவிடும்.

குடிலில் இரவு தங்கி அந்த வழியை இரண்டாகப் பிரித்தால் 12 வயதுக்காரருக்கு அருமையான நடை. ஆனால் ட்ரூப்சூனும் வேண்டும் என்றால் இரண்டாம் நாளுக்கு மார்குனெட் வழியை எடுங்கள். ஓஃபன் கணவாய் பஸ்ஸில் வந்து 7ஆம் இலக்கத் தரிப்பிடத்தில் இறங்கி, வால் டல் பொட்ச் பள்ளத்தாக்கு வழியாக 2328 மீற்றர் மார்குனெட் முகட்டுக்கு ஏறி, ஸ்டாபெல்சோட் புல்வெளி வழியாக 8ஆம் தரிப்பிடத்துக்கு வரலாம். ஏற்றம் 400 மீற்றருக்குச் சற்று மேல். நடை 3 மணித்தியாலம், பிள்ளைகளோடு 4 முதல் 5. வழி நெடுகப் பூங்காவின் விளக்கப் பலகைகள் இருக்கின்றன. எதையும் ஓடிக் கடக்காமல் நின்று பார்க்க நேரம் கிடைக்கும்.

இனி, ஏன் இவ்வளவு கண்டிப்பு என்ற கேள்வி. இந்தப் பூங்கா 1914 ஓகஸ்ட் 1 அன்று தொடங்கியது. ஆல்ப்ஸ் மலைத்தொடரிலேயே மிகப் பழைய தேசியப் பூங்கா இதுதான், பரப்பு 170.3 சதுர கி.மீ. மற்றப் பூங்காக்களில் புல்வெட்டும் மேய்ச்சலும் மரம்வெட்டும் ஓரளவு நடக்கும். இங்கே எதுவும் கிடையாது. விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே கிடந்து உக்கும். பாதைக்குக் குறுக்கே விழுந்தால் மட்டும் அறுத்து விலக்குவார்கள். மனிதன் கை வைக்காவிட்டால் ஒரு மலை என்ன ஆகும் என்பதைப் பார்ப்பதுதான் நோக்கம். 1917இல் தாவரவியலாளர் ஜோசியாஸ் பிரவுன்-பிளாங்கே இங்கே சிறு சிறு நிலத்துண்டுகளை அளந்து குறித்து, எந்தச் செடி எத்தனை என்று எழுதத் தொடங்கினார். அந்தத் துண்டுகளை இன்றும் திரும்பத் திரும்ப எண்ணுகிறார்கள். நூறு வருடத்துக்கு மேல் தொடரும் கணக்கு அது. ஒருவர் அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டால் பிறகு அந்தத் துண்டில் எது இயற்கையாக மாறியது, எது காலால் மாறியது என்று பிரிக்க முடியாது. எங்கே அந்தத் துண்டுகள் இருக்கின்றன என்பது பார்வைக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள், நன்றாகப் பிடிபடும்.

தொலைநோக்கி எழுதியது:

அடிவாரம் சொன்ன வழித் திட்டம்தான் சரி. மிருகம் பார்க்கிறதைப் பற்றி நான் எழுதுகிறேன். ட்ரூப்சூனில் கிட்டப் போக வேண்டிய தேவையே இல்லை.

பாதையை விட்டுப் போனால் மிருகம் கிட்ட வராது, தூரப் போகும். இந்தப் பாதைகளில் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் ஒரே கோட்டில்தான் நடக்கிறார்கள். மானும் கெம்சே என்கிற மலையாடும் அந்தக் கோட்டைப் படித்து வைத்திருக்கின்றன. கோட்டில் நடக்கிற ஆள் ஆபத்தில்லை, அவர் இன்னும் கொஞ்ச நேரத்தில் வளைவு தாண்டிப் போய்விடுவார் என்று அவைக்குத் தெரியும். அதே ஆள் கோட்டை விட்டு இறங்கினால், அடுத்து எங்கே வருவார் என்று தெரியாது. உடனே ஓட்டம், அதுவும் செங்குத்தாக மேலே. செப்டெம்பரில் கெம்சே குளிருக்குக் கொழுப்புச் சேர்க்கிற நேரம். ஆண் செம்மானோ இணைசேரும் காலத்தில் சரியாகத் தின்னாது, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழந்துவிடும். அந்த நிலையில் ஒவ்வொரு வீண் ஓட்டமும் பனிக்காலத்தில் உயிர்க்கணக்காகத் திரும்பி வரும்.

ட்ரூப்சூனில் மான் இவ்வளவு நிற்கிறதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செப்டெம்பரில், பூங்கா இருக்கிற கிரௌபுண்டன் மாநிலத்தில் வேட்டைக் காலம். பூங்காவுக்குள் வேட்டை இல்லை. எல்லை எங்கே என்று மான்களுக்கு நன்றாகத் தெரியும். வெளியே வெடி கேட்கத் தொடங்கியதும் உள்ளே ஒதுங்கி நிற்கும்.

கத்துகிற காலம் செப்டெம்பர் நடுவில் தொடங்கி ஒக்டோபர் நடு வரை. குளிர்ந்த, காற்றில்லாத, வானம் வெளித்த நாள் என்றால் நிறையக் கேட்கும். சூடான தெற்குக் காற்று வீசுகிற நாளில் அமைதியாகப் படுத்திருக்கும். காலமையும் பின்னேரம் 4 மணிக்குப் பிறகும் நல்ல நேரம், நடுப்பகலில் மரநிழலில் கிடக்கும். ஆகவே காலையில் வேகமாகப் போய்ப் பார்த்துவிட்டு மத்தியானமே திரும்புகிற ஆட்களைப் போல் செய்யாதையுங்கோ. ஷ்சான்ஃப் ஸ்டேஷனில் இருந்து பள்ளத்தாக்கின் உள்ளே இருக்கிற அல்ப் ட்ரூப்சூன் புல்வெளி வரை, 1669இல் இருந்து 2040 மீற்றருக்கு, 3 மணித்தியாலம் என்று வையுங்கோ. 11 மணிக்குத் தொடங்கினால் 2 மணி தாண்டிப் போய்ச் சேரலாம். 5 மணி வரை ஒரே இடத்தில் இருந்து பார்த்துவிட்டு இறங்கலாம். கடைசிப் பகுதி அகலமான வழி, ஆனாலும் ஆளுக்கொரு தலை விளக்கு பையில் இருக்க வேணும். சனி ஞாயிறில் கூட்டம் அதிகம். வார நாள் கிடைத்தால் அதையே எடுங்கோ.

இளைப்பாறக் குறித்துவிட்ட இடங்களை நிலத்தில் நட்ட மஞ்சள் கட்டைகள் காட்டும். அந்த எல்லைக்குள் பாதையை விட்டு இறங்கி உட்காரலாம். உங்கள் முழுப் பின்னேரமும் அங்கேதான்.

பைனோகுலர் 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். 10×42 இன்னும் பெரிதாகக் காட்டும், ஆனால் கைநடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். பிள்ளைகளுக்கு 8 தான் சரி. ஆளுக்கொன்று இல்லையென்றாலும் குறைந்தது இரண்டு இருக்க வேணும், ஒன்றை நாலு பேர் மாற்றி மாற்றி எடுத்தால் ஒருத்தரும் ஒழுங்காகப் பார்க்கமாட்டார்கள். முழங்கையை முழங்காலில் ஊன்றிப் பிடியுங்கோ. முதலில் வெறுங்கண்ணால் எதிர்ச்சரிவை மூன்று நாலு பட்டையாக மனதில் பிரியுங்கோ: மேல் கற்சரிவு, புல்வெளி, மரவிளிம்பு, ஓடைக்கரை. பிறகு ஒரு பட்டையை இடமிருந்து வலமாக மெதுவாகத் துழாவி முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கோ. பைனோகுலரை அங்கும் இங்கும் ஆட்டினால் ஒன்றும் கண்ணில் படாது. மரமெல்லாம் நெடுக்காக நிற்கும், மானின் முதுகு மட்டும் கிடையாக ஓடும். அந்தக் கிடைக்கோட்டைத்தான் தேட வேணும். செம்மான் மரவிளிம்பிலும் புல்வெளியிலும் நிற்கும். கொக்கி போல வளைந்த சின்னக் கொம்பும் முகத்தில் கறுப்புக் கோடும் இருந்தால் கெம்சே. கணுக்கணுவான பெரிய கொம்போடு பாறையில் படுத்திருந்தால் ஸ்டைன்பொக் என்கிற காட்டாடு. இந்த மாநிலத்தில் ஸ்டைன்பொக் முற்றாக அழிந்து, 1920இல் இந்தப் பூங்காவுக்குள் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். நீங்கள் பார்க்கப்போகிறவை அந்த வழிவந்தவை.

வளையில் வாழும் மலை அணிலான மர்மோட்டைச் செப்டெம்பர் கடைசியில் ஒரு சில இடத்தில்தான் காணலாம். ஒக்டோபரோடு வளைக்குள் போய் வாயிலை அடைத்துவிடும். பிள்ளைகளுக்கு முதலே சொல்லிவையுங்கோ, ஏமாற்றம் வேண்டாம்.

ஆகாயத்தையும் மறக்காதையுங்கோ. பார்ட்கையர் என்கிற தாடிப் பாறு ஆல்ப்ஸில் வேட்டையால் அழிந்துபோன பறவை. 1991இல் இருந்து 2007 வரை ஸ்டாபெல்சோட் பள்ளத்தாக்கில் 26 குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். மார்குனெட்டில் நிற்கிறபோது அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். சிறகு விரித்தால் 2.5 மீற்றருக்கு மேல். பொன்னிறக் கழுகோடு குழப்பம் வரும். வாலைப் பாருங்கோ. பாறுக்கு வால் நீளம், நுனி ஆப்பு மாதிரிக் கூர்ந்திருக்கும். கழுகின் வால் விசிறி போல வட்டம், மிதக்கும்போது சிறகைச் சற்று மேலே தூக்கிப் பிடிக்கும். பாறின் வயிறு துருநிறம். அது இரும்புச் சத்துள்ள சேற்றில் குளித்துப் பூசிக்கொண்ட நிறம், பிறவி நிறம் அல்ல. இது தின்பதில் பெரும்பங்கு எலும்பு. பெரிய எலும்பென்றால் உயரக் கொண்டுபோய்ப் பாறையில் போட்டு உடைக்கும்.

பனித்துளி எழுதியது:

மிக்க நன்றி. நாயை மச்சாள் வீட்டில் விடுகிறோம், ட்ரூப்சூனும் மார்குனெட்டும் என்று முடிவு. செர்னெட்ஸில் அறை தேடுகிறோம். கழிவறைக் கேள்விக்குப் பதில் வரவில்லை. இன்னொன்று: பிள்ளைகள் கல்லும் கூம்புக்காயும் பொறுக்குகிறவர்கள். விழுந்து கிடக்கிற கொம்பு, காய், கல் ஒன்றிரண்டு எடுத்தாலும் குற்றமா?

வல்லைவெளி எழுதியது:

ஓம், கல் ஒன்று என்றாலும் எடுக்க முடியாது. பூ, காளான், பழம், விறகு, கொம்பு எல்லாத்துக்கும் ஒரே விதி. கொம்பை எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். மான் உதிர்த்த கொம்பை எலிகளும் மற்றக் கொறிணிகளும் சுண்ணாம்புச் சத்துக்காகக் கொறிக்கும். மலையில் அந்தச் சத்து சுலபமாகக் கிடைக்காது. கிடக்கிற கொம்பில் பல்லடையாளம் இருக்கிறதா என்று பாதையில் நின்றபடி பைனோகுலரால் பார்க்கச் சொல்லுங்கோ, எடுத்து வைத்திருக்கிறதை விட அது நல்ல விளையாட்டு.

ஆர்வே என்கிற மலைப் பைன் மரத்துக் கூம்பைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பூங்காவின் சின்னமாக இருக்கிற நட்கிராக்கர் பறவை அந்த விதைகளைத் தொண்டைப்பையில் நிரப்பிக்கொண்டுபோய் நிலத்தில் ஒளித்து வைக்கும். ஒரு பறவை ஒரு பருவத்தில் 100,000 விதை வரை. பனிக்கடியிலும் அதில் ஐந்தில் நாலு பங்கைத் திரும்பக் கண்டுபிடித்துத் தின்னும். மிச்சம் கிடக்கிறதுதான் புது ஆர்வே மரம். மர எல்லைக்கு மேலே, பாறை இடுக்கில், நாலைந்து கன்று ஒன்றாகக் கொத்தாய் முளைத்திருந்தால் அது இந்தப் பறவை புதைத்து மறந்த இடம். செப்டெம்பர் அது விதை சேர்க்கிற மும்முரமான காலம், கரகரத்த குரல் எங்கும் கேட்கும்.

கழிவறைக்கு வருவோம். இதை ஒருத்தரும் எழுதமாட்டார்கள், அதனால்தான் பாதையோரங்களில் வெள்ளைக் காகிதம் கிடக்கிறது. வெளி மலைகளில் சொல்லுகிற முறை, தண்ணீரில் இருந்து 60 மீற்றருக்கு மேல் தள்ளி, 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி மூடு, காகிதத்தைத் திரும்பக் கொண்டுபோ என்பது. இங்கே அது பொருந்தாது, ஏனென்றால் குழி தோண்ட முதலில் பாதையை விட்டு இறங்க வேணும். அதோடு 2000 மீற்றருக்கு மேலே மண் மெல்லிசு, குளிர், உக்குகிறது மிக மெதுவு. ஆகவே முன்னேற்பாடுதான் வழி. ஷ்சான்ஃப் பக்கம் பூங்கா எல்லைக்குச் சற்று வெளியே வாரூஷ் குடில் இருக்கிறது. சாப்பாடும் கழிவறையும் அங்கே உண்டு. உள்ளே போக முதல் எல்லாரும் அங்கே போய்விட்டுத்தான் நடக்க வேணும், திரும்பும்போதும் அங்கே. மார்குனெட் அன்று செர்னெட்ஸில் பூங்கா நிலையத்திலோ இல் ஃபுவோர்னிலோ போய்விட்டு ஏறுங்கோ.

அவசரத்துக்கு, உள்ளே ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாக்கும் தூள் வைத்த பயணச் சிறுநீர்ப் பைகள் விற்கிறார்கள். ஆளுக்கு ஒன்று வைத்திருங்கோ. மற்றதுக்கு, வீட்டில் கிடக்கிற நாய்க்கழிவுப் பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக எடுத்து, முடிந்து, இறுக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டுக் கொண்டுவாருங்கோ. ஒரு மெல்லிய மழைப்போர்வையை இருவர் பிடித்தால் மறைப்பு. நினைத்துப் பார்க்கக் கூச்சமாக இருக்கும், செய்தால் ஐந்து நிமிட வேலை. காகிதமும் ஈரத்துடைப்பானும் எந்த நிலையிலும் அங்கே விடக்கூடாது. ஈரத்துடைப்பான் பெரும்பாலும் பிளாஸ்டிக் நார்.

உள்ளே குப்பைத்தொட்டி கிடையாது. சாப்பாட்டை வீட்டிலேயே பொதி பிரித்து, திரும்பத் திரும்பப் பாவிக்கிற டப்பாவில் போட்டால் கொண்டுவர வேண்டிய குப்பை பாதியாகும். தோடம்பழத் தோலும் முட்டைக்கோதும் உக்கும்தானே என்று எறிகிறவர்கள் உண்டு. குளிர் இடத்தில் அது மாதக்கணக்காகக் கிடக்கும். அதை விட மோசம், உப்பும் எண்ணெயும் பட்ட மிச்சத்துக்கு மிருகம் பழகினால் பாதையோரம் வந்து நிற்கத் தொடங்கும். அடுப்பு, நெருப்பு ஒன்றும் வேண்டாம். சுடுநீர்க் குடுவை ஒன்றில் தேநீர் கொண்டுபோங்கோ.

அந்த ஐந்து மீற்றர் கேள்வி. மிருகத்தைப் பற்றித் தொலைநோக்கி அண்ணை சொல்லிவிட்டார். மண்ணைப் பற்றியும் சொல்ல வேணும். மார்குனெட் பக்கம் மலை டொலமைட் என்கிற சுண்ணாம்பு வகைக் கல், உதிரி. வளைந்து வளைந்து ஏறும் பாதையில் வளைவைக் குறுக்கே வெட்டி நேராக இறங்கினால், அந்தத் தடத்தில் புல்வேர் அறுபடும். அடுத்த மழைத் தண்ணீர் பாதை வளைவைச் சுற்றிப் போகாது, அந்தத் தடத்திலேயே விழும். ஒரு கோடை மழையில் அது ஓடையாகும், பிறகு பாதையையே அரித்து வெட்டும். அதோடு கீழ் வளைவில் நடக்கிறவர் தலைக்கு மேலே கல் உருளும். பாதை நடுவில் சேறு என்றால் ஓரத்தால் சுற்றாமல் சேற்றுக்குள்ளாலேயே நடவுங்கோ. ஓரத்தால் போகப் போகத்தான் ஒரு அடிப் பாதை மூன்று அடியாகிறது. அதற்குத்தான் தண்ணி புகாத, கணுக்காலை மூடும் சப்பாத்து.

ஊன்றுகோல் கொண்டுபோனால் நுனிக்கு இறப்பர் மூடி போடுங்கோ. இரும்பு நுனி பாதை விளிம்பைக் குத்திக் குத்தி உதிர்க்கும், கல்லில் படும் சத்தம் அந்தப் பள்ளத்தாக்கில் வெகுதூரம் கேட்கும். வழுக்கும் ஈரப்பாறையில் மட்டும் மூடியைக் கழற்றலாம்.

அடிவாரம் எழுதியது:

கொண்டுபோகும் பொருளில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். நடக்கும்போது அல்ல, உட்கார்ந்து பார்க்கும்போதுதான் பிள்ளைகள் குளிரில் விறைப்பார்கள். ஏறும்போது வியர்த்த சட்டையோடு மூன்று மணித்தியாலம் நிழலில் இருந்தால் அந்தப் பின்னேரம் அதோடு முடிந்துவிடும். ஆளுக்கொரு மாற்று உட்சட்டை எடுத்து, அல்ப் ட்ரூப்சூன் சேர்ந்ததும் முதல் வேலையாக மாற்றுங்கள். பருத்தி வேண்டாம், கம்பளி அல்லது செயற்கை நார். அதற்கு மேல் இறகுச் சட்டை, தொப்பி, கையுறை, கீழே போட ஒரு நுரைப் பாய்த் துண்டு. ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் 6 பாகைக்கு மேல் வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. காற்றும் நிழலும் அதற்கு மேலே. செப்டெம்பர் கடைசியில் 2000 மீற்றர் வரை பனி விழவும் கூடும். விழுந்தால் மார்குனெட்டை விட்டுவிட்டு இல் ஃபுவோர்ன் பக்கத் தாழ்ந்த பாதையில் நடவுங்கள். கிளம்பும் நாள் காலையில் பூங்காவின் இணையத்தளத்தில் பாதை நிலையைப் பாருங்கள், மூடிய பாதைகள் அங்கே இருக்கும்.

தண்ணீர் ஆளுக்கு 1.5 லீற்றர். ஊர்க் கிணற்றுத்தொட்டிகளில் நிரப்பலாம், குடிக்கக்கூடாது என்று எழுதியிருந்தால் மட்டும் விடுங்கள். மலை ஓடைத் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் மேலே நூற்றுக்கணக்கான மான் நிற்கும் சரிவு அது. ஓடையில் குளிப்பதற்கும் அனுமதி இல்லை.

தொலைநோக்கி எழுதியது:

இன்னும் இரண்டு. பறவையையோ மானையோ கூப்பிட என்று கைத்தொலைபேசியில் குரல் போட்டுக் காட்டாதையுங்கோ. கத்துகிற காலத்தில் இன்னொரு ஆண்மான் வந்துவிட்டது என்று நினைத்து, தன் கூட்டத்தை விட்டுத் தேடி அலையும். படம் எடுக்க கைத்தொலைபேசியின் கண்ணை பைனோகுலரின் கண்ணோடு ஒட்டிப் பிடித்தால் ஓரளவு வரும். இல்லையென்றால் படத்தை விட்டுவிட்டு, பிள்ளைகளிடம் ஒரு கொப்பியும் பென்சிலும் குடுத்து, எத்தனை மணிக்கு எந்தச் சரிவில் எது நின்றது என்று எழுதவையுங்கோ. 3 மணிக்கு எழுதியதையும் 5 மணிக்கு எழுதியதையும் ஒப்பிட்டால் மரவிளிம்பில் இருந்து புல்வெளிக்கு மான் இறங்கி வந்தது கணக்கில் தெரியும்.

வல்லைவெளி எழுதியது:

பனித்துளி, அவசரத்துக்கும் ஒரு வழி தெரிந்திருக்க வேணும். பக்கப் பள்ளத்தாக்குகளில் பல இடத்தில் சிக்னல் கிடையாது. கிடைக்கிற இடத்தில் ரேகா மீட்புச் சேவைக்கு 1414, பொது அவசரத்துக்கு 112. சிக்னல் இல்லையென்றால் மலைகளில் எல்லா இடத்திலும் ஒரே குறி: விசிலோ தலை விளக்கோ நிமிடத்துக்கு ஆறு தரம், ஒரு நிமிடம் இடைவெளி, திரும்ப ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்று தரம் வரும். ஹெலிகொப்டர் வந்தால் இரண்டு கையையும் மேலே விரித்து நின்றால் உதவி வேணும் என்று அர்த்தம். ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் வேண்டாம். சும்மா சந்தோசத்தில் இரண்டு கையையும் தூக்கிக் காட்ட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கோ.

கிளம்ப முதல் நாள் இரவே சப்பாத்தின் அடியைத் தூரிகையால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கோ. சூரிச்சுப் பக்கப் பூங்காக்களின் மண்ணும் களைவிதையும் அந்தப் பள்ளத்துக்குள்தான் ஒட்டியிருக்கும். வெல்க்ரோ பட்டிகளையும் காலுறையையும் பார்க்க மறக்காதையுங்கோ, ஒட்டுவிதைகள் அதில்தான் கூடுதலாகப் பயணம் செய்யும்.